சக்கரம் கழற்ற பிரேக்கை எங்கே திறப்பது: காலிபரிலா, லிவரிலா?

1. பாலக்கோடு மிதி

வணக்கம். பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வளைந்த ஹேண்டில் பார், 28 எம்எம் டயர் போட்டு, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் ஓட்டத் தோதான வண்டியாக மாற்றப் போகிறேன். மற்ற சாமானெல்லாம் முடிவாகிவிட்டது. பிரேக் லிவர் எது என்பதில்தான் நிற்கிறேன்.

இப்போது ஓட்டும் வண்டியில் ஷிமானோ கம்பெனியின் காலிபர் பிரேக், அதாவது ரிம்மை இரண்டு பக்கமும் பிரேக் கட்டையால் கவ்விப் பிடிக்கும் வகை. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் காலிபரின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பிடியைத் திருப்ப வேண்டும், கட்டைகள் விலகும், சக்கரம் வெளியே வரும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் இரண்டு, மூன்று எம்எம்தான் இடைவெளி. டயரோ ரிம்மை விட அகலம். காற்று நிறைந்த டயர் அந்தச் சந்தில் நுழையவே நுழையாது. அதனால் எங்காவது ஓர் இடத்தில் பிரேக்கைத் திறந்துதான் ஆக வேண்டும்.

சமீபத்தில் எங்களோடு ஓட்ட வந்தவர் ஒருவரிடம் காம்பக்னோலோ என்ற இத்தாலியக் கம்பெனியின் லிவர் போட்ட வண்டி இருந்தது. சக்கரத்தைக் கழற்றும்போது அவர் காலிபரைத் தொடவே இல்லை. லிவரில் இருந்த சின்ன பின்னை விரலால் தள்ளினார். லிவர் வழக்கத்தை விடக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது, கட்டைகள் தானாக விரிந்தன. மாட்டிய பிறகு லிவரைப் பிடித்து, பின்னைத் திரும்பத் தள்ளினார், வேலை முடிந்தது.

இது வெறும் வசதியா, அல்லது இப்படி வடிவமைத்ததில் வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா? புதிதாக வாங்கும்போது இதைத் தேடி வாங்குவது தகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. பென்னாகரம் சைக்கிள் கடை

தம்பி, கடையில் அடிக்கடி கண்ணில் படுகிற விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒகேனக்கல் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து காரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பலர் பென்னாகரத்தில் காரை நிறுத்தி, இங்கிருந்து ஓட்ட ஆரம்பிப்பார்கள். காரில் வைப்பதற்காக முன் சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். அதற்காகக் காலிபரில் ரிலீஸை, அதாவது நீங்கள் சொன்ன அந்தக் குட்டிப் பிடியைத் திறந்திருப்பார்கள். திரும்ப மாட்டும்போது அச்சை இறுக்குவார்கள், காற்றை அழுத்திப் பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலைச் சரி செய்வார்கள். ரிலீஸ் அப்படியே திறந்து கிடக்கும்.

ஒரு நாள் அப்படி ஒருவர் காற்றடிக்கக் கடைக்கு வந்தார். எந்த வண்டி வந்தாலும் பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். முன் லிவர் ஹேண்டில் பாரில் வந்து இடித்தது. கீழே கட்டை ரிம்மைத் தொட்டதே தவிர, பிடிக்கவில்லை. கடை வரைக்கும் அதே வண்டியில்தான் அவர் ஓட்டி வந்திருக்கிறார், அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பின் பிரேக்கே போதும். காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் அது போதாது. இறக்கத்தில் உடம்பின் பாரம் முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகிவிடும், அழுத்திப் பிடித்தால் வழுக்கும். வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான்.

ஆகவே என் பதில்: லிவரில் ரிலீஸ் இருப்பதை வாங்குங்கள். அதில் திறந்ததை மூட மறந்தாலும் பிரேக் பிடிக்கும். ஏன் என்று நம்ம ஓசூர்க்காரர் படம் போடாமலே விளக்குவார், அவர் வரட்டும்.

3. ஊத்தங்கரை

ஒரு சந்தேகம். பஞ்சர் ஆன டயரில் காற்றே இருக்காதே? நசுங்கிய டயர் கட்டைக்கு நடுவில் சுலபமாக வெளியே வந்துவிடும். ஒட்டிய பிறகும் காற்றில்லாமல் மாட்டிவிட்டு அப்புறம் அடித்துக்கொண்டால் போயிற்று. இதற்கெல்லாம் தனி லிவர் எதற்கு?

4. பாலக்கோடு மிதி

பஞ்சருக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒட்டிய பின் சக்கரம் கையில் இருக்கும்போதே காற்றடித்துப் பார்ப்பது நல்லது. டயர் விளிம்பு ரிம்மில் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா, டியூப் எங்காவது விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். மாட்டிய பிறகு அடித்தால் காலிபருக்கு அடியில் இருக்கும் பகுதி கண்ணில் படாது. தவிர, காரில் ஏற்ற, ரயிலில் கொண்டு போக, பெண்டு எடுக்க என்று காற்று முழுக்க இருக்கும்போதும் கழற்ற வேண்டி வருகிறதே.

5. ஓசூர் டூல் ரூம்

கடைக்கார அண்ணன் கூப்பிட்டதால் வந்தேன். இந்தச் சின்ன பின்னுக்குள் நல்ல யோசனை இருக்கிறது. அதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்குச் சலிக்காது.

முதலில் பழைய கதை. 1927இல் இத்தாலியில் ஒரு பந்தயத்தில், பனி கொட்டும் குரோச்சே தௌனே கணவாயில், பின்னாளில் காம்பக்னோலோ கம்பெனியை ஆரம்பித்த துல்லியோ காம்பக்னோலோ பின் சக்கரத்தைக் கழற்ற முடியாமல் நின்றார் என்று சைக்கிள் உலகில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கியர் மாற்றவே சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போய் இறக்கை நட்டைத் திருக முடியவில்லை. அதிலிருந்துதான் அச்சுக்குள் கம்பி ஓடும், பிடியைத் திருப்பினாலே சக்கரம் கழலும் க்விக் ரிலீஸ் வந்தது என்பது அந்தக் கதை. அச்சு ஒரு நொடியில் திறந்தால் மட்டும் போதுமா? டயர் பிரேக் கட்டையில் சிக்கினால் என்ன பயன்? மீதிப் பாதி வேலை பிரேக்கில் இருக்கிறது. அந்தப் பாதியை எங்கே செய்வது என்பதில்தான் கம்பெனிகள் பிரிந்தன. ஷிமானோ காலிபரில் வைத்தது. காம்பக்னோலோ 1992இல் கொண்டுவந்த எர்கோபவர் லிவரில், அதாவது பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் இருக்கும் லிவரில், ரிலீஸையும் அங்கேயே வைத்தது. கியர் இல்லாத வெறும் பிரேக் லிவர்களிலும் டெக்ட்ரோ, கேன் கிரீக் மாதிரியான கம்பெனிகள் பட்டன் வைத்துச் செய்திருக்கின்றன. பாலக்கோடு நண்பருக்குத் தோதானது அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

இப்போது கணக்கு. எண்கள் புரிவதற்காக நானே போட்டவை, எந்த மாடலின் அளவும் இல்லை. லிவரை முழுக்கப் பிடித்தால் ஒயர் 12 எம்எம் நகர்கிறது என்று வைப்போம். கட்டை ரிம்மைத் தொட 4 எம்எம் செலவாகும். மீதி 8 எம்எம்தான் அழுத்திப் பிடிக்க. ஒயர் லேசாக நீளும், ஒயர் ஓடும் உறையான அவுட்டர் நசுங்கும், காலிபர் கை வளையும், எல்லாம் அந்த 8க்குள் அடங்க வேண்டும்.

காலிபரில் ரிலீஸைத் திறந்தால் ஒயரில் 6 எம்எம் தளர்வு சேர்கிறது என்று வைப்போம். லிவர் அதே இடத்தில்தான் நிற்கிறது, அதே 12 எம்எம்தான் அதனால் இழுக்க முடியும். தொடுவதற்கே 10 போய்விட்டது, பிடிக்க மிச்சம் 2. அதற்குள் லிவர் பாரில் இடித்துவிடும். அண்ணன் கடையில் பார்த்தது இதைத்தான்.

லிவரில் இருக்கும் பின் என்ன செய்கிறது? ஒயரைத் தளர்த்துவதில்லை. லிவர் வந்து நிற்கும் எல்லையை முன்னால் தள்ளுகிறது. லிவர் அந்த 6 எம்எம் ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறது. பிடித்தால் அதே 6ஐத் திரும்ப இழுத்துக்கொண்டு உள்ளே வரும், அப்புறம் வழக்கமான 4, அப்புறம் வழக்கமான 8. கட்டை ரிம்மைத் தொடும்போது லிவர் எப்போதும் இருக்கும் அதே இடத்தில் இருக்கும். பிடிக்கும் பலத்தில் துளியும் குறையாது. கை வைத்தவுடன் லிவர் தள்ளி நிற்பது விரலுக்கே தெரிந்துவிடும், மூடவில்லை என்று உடனே நினைவு வரும்.

இன்னொன்று. ஓட்டும்போது ஸ்போக் கம்பி ஒன்று அறுந்து ரிம் கோணலாகி, கட்டையில் உரச ஆரம்பித்தால், லிவர் ரிலீஸைத் திறந்துவிட்டு வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்துவிடலாம். பிரேக் முழுசாக இருக்கும். காலிபரில் திறந்துவிட்டு அப்படி ஓட்டுவதற்கு நான் யாருக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன்.

6. தருமபுரி டூரிங்

எதிர்க்கட்சியாக நான் பேசுகிறேன். காலிபர் ரிலீஸைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பின் சக்கரத்தைக் கழற்றும்போது நான் எங்கே குனிந்து நிற்கிறேன்? பின்னால். ரிலீஸும் அங்கேயே இருக்கிறது. முன்னால் போய் லிவரைத் தேட வேண்டியதில்லை. அடுத்தது, காலிபர் ரிலீஸைப் பாதி, கால் என்று வேண்டிய அளவுக்குத் திருப்பலாம். லிவர் ரிலீஸ் அப்படி இல்லை, திறந்தால் இவ்வளவுதான் என்று ஓர் அளவு. ஒல்லியான டயருக்கு அது போதும். 28க்கு மேல் போனால் லிவரைத் திறந்தும் டயர் கட்டையில் உரசிக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முக்கியமாக, லிவருக்குள் இருக்கும் பின் ரப்பர் உறைக்குப் பக்கத்தில் வியர்வையிலும் மண்ணிலும் ஊறுகிறது. நம் ஊர் செம்மண் புழுதியில் அது இறுகிப் போனால்? காலிபர் என்றால் தருமபுரியிலேயே ஏதாவது ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம். அந்த லிவருக்குச் சாமான் தேடினால் பெங்களூருதான் போக வேண்டும், அங்கேயும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். மறதிக்கு மருந்து பழக்கம். அதற்காக வேறு சாமான் வாங்க வேண்டியதில்லை.

7. ஓசூர் டூல் ரூம்

திறக்கும் அளவைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அகலமான டயர் போடுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். லிவரில் பட்டன், காலிபரிலும் ரிலீஸ் என்று இரண்டும் இருக்கும்படி சேர்த்து மாட்டினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். புழுதி பற்றியும் மறுக்கவில்லை. உறையை மடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பின்னை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்ப்பதை மழைக்காலம் முடிந்ததும் செய்தால் போதும்.

ஆனால் மறதிக்குப் பழக்கம் மருந்து என்பதை ஏற்க மாட்டேன். நான் வேலை செய்யும் இடத்தில் ஜிக், அதாவது வேலை செய்யும் பொருளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் தாங்கி, செய்யும்போது முதலில் பார்ப்பதே, தப்பாக வைத்தால் உள்ளே உட்காரக் கூடாது என்பதைத்தான். ஆள் களைத்திருப்பான், இருட்டியிருக்கும், கூட வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்திலும் ஆபத்து வராதபடி இருப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

இந்த அளவுகோலில் வி பிரேக்கைப் பாருங்கள். 1996இல் ஷிமானோ மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்தது. ரிம்மின் இரண்டு பக்கமும் நீளமான கை நிற்கும் வகை. அதில் ஒயர் நுழைந்து வரும் வளைந்த குழாயைத் தாங்கியிலிருந்து பிடுங்கிவிட்டால் பிரேக் கை இரண்டும் முழுக்க விரிந்துவிடும், எவ்வளவு பெரிய டயரும் வெளியே வரும். மாட்ட மறந்தால் லிவர் எந்தத் தடையும் இல்லாமல் பாரில் போய் விழும், வண்டியை நகர்த்தும்போதே தெரிந்துவிடும். முழுசாகப் போன பிரேக் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாதி பிடிக்கும் பிரேக்தான் தொப்பூர் இறக்கம் வரைக்கும் கூட வந்து அங்கே கைவிடும்.

8. தருமபுரி டூரிங்

பாதி பிடிக்கும் பிரேக் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. வி பிரேக்கை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் சாமான் கிடைக்காத கஷ்டம் அப்படியேதான் இருக்கிறது.

9. காவேரிப்பட்டணம் டீச்சர்

நீங்கள் எல்லாரும் விலை அதிகமான வண்டிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுவது கம்பி பிரேக், செயின் கவர், கேரியர் எல்லாம் சேர்ந்த சாதாரண சைக்கிள். சுற்றுக் கிராமங்களிலிருந்து மண் ரோட்டில் வருகிறார்கள். கருவேல முள் குத்தினால் தள்ளிக்கொண்டே வந்து முதல் பாடத்தைத் தவற விடுகிறார்கள். பெரிய பிள்ளைகள் நான்கைந்து பேருக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்த வண்டிகளில் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற ஏதாவது வழி இருக்கிறதா?

10. பென்னாகரம் சைக்கிள் கடை

டீச்சர், நல்ல காரியம். அந்த வண்டியில் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். நாங்களும் பஞ்சருக்குக் கழற்றுவதில்லை.

கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது. ரிம்முக்கு உள்பக்கம், அச்சைப் பார்த்த பக்கத்தில் இருந்துகொண்டு மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதனால் நட்டைக் கழற்றி முன் சக்கரத்தைக் கீழே இறக்கினால் ரிம் அந்தக் கட்டையிலேயே வந்து உட்காரும். கட்டையை அல்லது அதைத் தாங்கும் கம்பியைக் கழற்றினால்தான் வழி விடும். பின்னால் இன்னும் மோசம்: செயின் கவர், மட்கார்டு கம்பி, கேரியர் கால், ஸ்டாண்டு எல்லாம் அதே அச்சில் மாட்டியிருக்கும். திரும்பச் சேர்க்கும்போது சக்கரம் நடுவில் நிற்க வேண்டும், செயின் அளவாகத் தொங்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது வீண் பாடு.

வண்டியைப் படுக்க வையுங்கள் அல்லது தலைகீழாக நிறுத்துங்கள். செயின் இல்லாத பக்கத்தில் வேலை செய்யுங்கள். வால்வு நட்டைக் கழற்றி, டயர் விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரலால் ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் அழுத்தி விடுங்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். டயர் கழற்றும் லிவரால் ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுங்கள், மறுபக்கம் ரிம்மிலேயே இருக்கட்டும். டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெலிசாகப் பூசுங்கள். பூசியவுடன் ஒட்டுப் போடக் கூடாது. விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்டு நிற்கும். பிள்ளைகள் அவசரப்படுவது இங்கேதான்.

ஒட்டிய சந்தோஷத்தில் டியூபை உள்ளே தள்ளிவிடாதீர்கள். முள் இன்னும் டயரில் இருக்கும். கருவேல முள் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பழைய பனியன் துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு சுற்று இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். நெருஞ்சி முள் என்றால் ஒன்றோடு நிற்காது, சுற்றிலும் தேடுங்கள்.

அச்சுக்கு க்விக் ரிலீஸ் போடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பள்ளி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு நட்டுதான் பத்திரம்.

11. காவேரிப்பட்டணம் டீச்சர்

மிக்க நன்றி அண்ணா. துணியைச் சுருட்டித் தேடுவது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வகுப்பில் அதைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.

12. சூளகிரி மேடு

எனக்கு டிஸ்க் பிரேக், எண்ணெயில் வேலை செய்வது. சக்கரம் நேராகக் கீழே இறங்கிவிடுகிறது, எதையும் திறக்க வேண்டியதில்லை. இந்தத் தலைவலியே இல்லை.

13. பென்னாகரம் சைக்கிள் கடை

தலைவலி இல்லை, ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. சக்கரம் வெளியே இருக்கும்போது லிவரைப் பிடித்துவிடாதீர்கள். நடுவில் டிஸ்க் தட்டு இல்லாததால், கட்டையைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்து நின்றுகொள்ளும், திரும்பத் தட்டு உள்ளே நுழையாது. காரில் ஏற்றும்போது பை ஏதாவது லிவரை அழுத்தினாலும் இதே கதைதான். வாங்கும்போது கொடுத்த பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போடாமல் நடுவில் செருகி வையுங்கள். அது இல்லையென்றால் கெட்டி அட்டையை மடித்து வைத்தாலும் போதும்.

14. பாலக்கோடு மிதி

எல்லாருக்கும் நன்றி. பட்டன் வைத்த லிவரும் ரிலீஸ் உள்ள காலிபரும் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். தினசரி லிவரை மட்டும் திறப்பேன். 28 டயர் அப்படியும் உரசினால் மட்டும் காலிபர். சக்கரத்தை மாட்டியதும் ஏறுவதற்கு முன் இரண்டு லிவரையும் பலமாகப் பிடித்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்கிறேன். இனி கவனிக்க வேண்டியது ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா?

15. ஓசூர் டூல் ரூம்

லிவர் எந்த பிரேக்குக்கானது என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். காலிபருக்கான லிவர் இழுக்கும் ஒயர் வி பிரேக்குக்குப் போதாது. வி பிரேக் லிவரைக் காலிபருக்குப் போட்டால் கட்டை சீக்கிரம் தொடும், ஆனால் லிவர் கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் பிரேக் பிடிக்கும் பலம் குறையும். முன் பிரேக் வலது கையில் வரும்படி ஒயர் இழுங்கள். நம் ஊரில் எல்லாருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது, வேறொருவர் வாங்கி ஓட்டினாலும் தடுமாற மாட்டார்.

16. பென்னாகரம் சைக்கிள் கடை

தம்பி, காசு கொடுப்பதற்கு முன் ஃபிரேமில் ஓர் அளவு எடுங்கள். ஃபோர்க்கில் பிரேக் மாட்டும் ஓட்டையின் நடுவிலிருந்து, ரிம்மில் கட்டை உட்கார வேண்டிய இடம் வரைக்கும் நேராக. இப்போது ரேஸ் வண்டிகளுக்கு வருகிற காலிபர் பெரும்பாலும் 39 முதல் 49 எம்எம் வரைதான் எட்டும். பழைய ஸ்டீல் ஃபிரேமுக்கு, அதுவும் மட்கார்டு போட இடம் விட்டுச் செய்ததென்றால், 47 முதல் 57 வரை எட்டுவது தேவைப்படலாம். கட்டை எட்டாமல் டயரில் உரசினால் எந்த லிவர் போட்டும் பயனில்லை. பின்பக்கம் தனியாக அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது. அளவு தெரியாவிட்டால் ஃபிரேமையும் சக்கரத்தையும் கடைக்கு எடுத்து வாருங்கள், அளந்து தருகிறேன். காலிபர் முடிவான பிறகு லிவருக்கு ஆர்டர் போடலாம்.